தொழில் முனைவோரின் பண்புகள் யாவை?

எங்கள் பள்ளியில் ஆண்டுக்கொரு முறை ‘இளம் தொழில் முனைவோர் விழா’ நடக்கும். அன்றைக்கு மட்டும் பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே நின்று பேசலாம், கூவி விற்கலாம், பெரியவர்களோடு வாதாடலாம். மறுநாள் முதல் மணி அடித்ததும் வாய் மேல் விரலை வைத்து உட்கார்ந்துவிட வேண்டும். தென்காசியில் உள்ள இந்தத் தனியார் பள்ளியில் பதினாறு ஆண்டுகளாகப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்துகிறேன். ஆகையால் விழா என் தலையில்தான் கட்டப்படும்.

அந்தக் கூத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மைதானத்தில் பந்தல், பந்தலுக்குள் வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் வாடகைக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு ஒரு பிள்ளை. மேசையில் அம்மா செய்த கேக், அத்தை பின்னிய பை, கடையில் வாங்கி லேபிளைக் கிழித்துவிட்டு வேறு லேபிள் ஒட்டிய ஊறுகாய். வாங்க வருகிறவர்கள் யார் என்றால் அதே அம்மா, அதே அத்தை. தான் சுட்ட கேக்கைத் தானே வாங்கித் தின்றுவிட்டு, “என் பையனுக்கு எப்பிடி பிசினஸ் மூளை பாத்தீங்களா?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டிருக்கிறார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையை ஆட்டியிருக்கிறேன். பிறகு வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு மேடையில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். கனவு காணுங்கள், துணியுங்கள், தோற்கப் பயப்படாதீர்கள் என்பார். தோற்றால் இந்தப் பள்ளியில் என்ன ஆகும் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத எழுத எனக்கு எரிச்சல் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வகுப்பாசிரியையாக இருந்த பதினொன்றாம் வகுப்பில், தமிழ் வழிப் பிரிவில், ஒரு பெண் இருந்தாள். நடுவரிசையில் சுவரோரமாக உட்காருவாள். ஒல்லி, அதிகம் பேசமாட்டாள், கேட்டதற்கு மட்டும் பதில். மற்ற நாட்களில் ஒழுங்காக வந்துவிடுவாள். ஜூன் மாதம் சாரல் தொடங்கியதிலிருந்து சனிக்கிழமைகளில் மட்டும் ஆளைக் காணோம். எங்கள் பள்ளியில் சனிக்கிழமைதான் தேர்வும் தனி வகுப்பும். ஐந்து நாளும் நடத்திய பாடத்தை ஆறாம் நாள் திரும்ப நடத்துவதற்குப் பெயர் தனி வகுப்பு. ஏன் வரவில்லை என்று கேட்டால், “வீட்டுல வேல மிஸ்” என்பாள். சாக்கு என்று நினைத்துக்கொண்டு வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் வட்டம் போடுவேன்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் குடும்பத்தோடு மதுரையிலிருந்து வந்தாள். சீசனில் எங்களுக்கு இது ஒரு தண்டனை. தூரத்துச் சொந்தம், கிட்டத்துச் சொந்தம், சொந்தமே இல்லாதவர்கள் என்று எல்லோருக்கும் ஜூலை மாதம்தான் எங்கள் நினைப்பு வரும். அவர்களைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போக வேண்டும், எண்ணெய் தேய்க்க ஆள் பிடிக்க வேண்டும், அருவியில் தண்ணீர் விழுகிறதா, போலீஸ் விடுகிறார்களா என்று விசாரிக்க வேண்டும். போனால் என் வேலை என்ன தெரியுமா? “நீ உள்ளூர்க்காரிதான, எப்ப வேணா குளிச்சிக்கிடலாம், துணிய நீ பாத்துக்கோ” என்பார் என் கணவர். எட்டுப் பேர் சட்டை, ஆறு செல்போன், நான்கு கைக்கடிகாரம் எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு குரங்கை விரட்டிக்கொண்டு நிற்பேன். அருவியிலிருந்து ஆறு கிலோமீட்டரில் வீடு. கடைசியாக நான் அருவியில் குளித்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

துணியைப் பார்த்துக்கொள்வது ஒரு காரணம்தான். நனைந்தால் எங்கே மாற்றுவது என்பதுதான் பெரிய காரணம். உடை மாற்றும் அறை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அதன் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் குளிக்கும் ஆசையே போய்விடும். ஆண்களுக்கென்ன, ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டில் மாற்றிவிட்டுப் பஜ்ஜி தின்னப் போய்விடுவார்கள். பெண்கள் ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டே வேனில் ஏறுவார்கள், இல்லையென்றால் என்னைப் போலக் குளிக்காமலேயே கரையில் நிற்பார்கள். இத்தனை வருடம் இதைப் பார்த்தும் இது ஒரு பிரச்சினை என்றே எனக்குத் தோன்றவில்லை. பெண்ணாய்ப் பிறந்தால் இப்படித்தான் என்று இருந்துவிட்டேன். இத்தனைக்கும் நான் வணிகவியல் எம்.காம்.

அன்றைக்கு ஐந்தருவிச் சாலையோரம் ஒரு பஜ்ஜிக் கடையை ஒட்டி நின்றேன். கடைக்குப் பக்கத்தில் கயிறு கட்டி, கறுப்பும் கருநீலமுமாக ஏழெட்டுப் பெரிய துணிகள் தொங்கின. ஒரு அட்டையில் சாக்பீஸால் ‘பெண்கள் துணி மாற்றக் கூடாரம்’ என்று எழுதியிருந்தது. அட்டைக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றாள், என் வகுப்புச் சுவரோரத்துப் பெண். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஓடப் பார்த்தாள். ஓடவும் முடியாது, ஏனென்றால் அவள் முன்னால் நான்கைந்து பெண்கள் ஈரத்தோடு காத்து நின்றார்கள்.

கூடாரம் என்று அவள் சொன்னது இதுதான். பாவாடைத் துணியை அகலமாக வட்டமாக வெட்டி, நடுவில் கழுத்துக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்த ஒரு மேலங்கி. தலை வழியாகப் போட்டுக்கொண்டால் கழுத்திலிருந்து கணுக்கால் வரை தொங்கும். உள்ளே இரண்டு கையையும் தாராளமாக வீசலாம். உட்பக்கத்தில் இரண்டு கொக்கிகள், ஒன்றில் காய்ந்த உடுப்பு, இன்னொன்றில் ஈர உடுப்பு. ஆயிரம் பேர் நடக்கிற சாலையில் நின்றபடி ஒரு பெண் தலையிலிருந்து கால்வரை உடை மாற்றிவிட்டு நிதானமாக வெளியே வரலாம். கதவும் வேண்டாம், தாழ்ப்பாளும் வேண்டாம்.

“இது எங்கட்டி வாங்குன?” என்று கேட்டேன்.

“நாந்தான் மிஸ் தச்சேன்.”

பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் திருப்பினாள். “நீங்கதான் கிளாஸ் டீச்சரா? வாங்க, உக்காருங்க. இவ அடிச்ச கூத்த நீங்க கேக்கணும். அவுக அப்பா வேட்டி ரெண்டு போச்சு.”

அப்பா புளியங்குடியில் எலுமிச்சை லாரிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவர். அவருடைய பழைய வேட்டியில்தான் முதல் கூடாரம். நனைந்ததும் வேட்டி கண்ணாடி ஆகிவிட்டது. முதன்முதலில் போட்டுப் பார்த்த அம்மாவே கத்திக்கொண்டு கடைக்குள் ஓடினாளாம். அடுத்தது நைலான் துணி, அது உடம்போடு ஒட்டிக்கொண்டது. பிறகுதான் அடர்ந்த நிறத்தில் பாவாடைத் துணி. அதிலும் சாரல் காற்று அடித்தால் குடை மாதிரி விரிந்து மேலே ஏறியது. அடிவிளிம்பில் கனத்துக்கு இரும்பு நட்டுகளை வைத்துத் தைத்தாள். துருப்பிடித்துக் கறை விழுந்தது. புளியங்கொட்டை வைத்தாள். ஈரத்தில் ஊறி உப்பி, இரண்டு நாளில் நாறியது. கடைசியில் ஓடையில் பொறுக்கிய கூழாங்கற்கள். துணியைக் காயவைக்க முதலில் அடுப்புப் பக்கம் கட்டியிருக்கிறாள். போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் பஜ்ஜி மணக்க வெளியே வந்திருக்கிறார்கள். அதனால்தான் கயிறு இப்போது அந்தப் பக்கம்.

“எப்பிடித் தோணிச்சு?” என்றேன்.

“கடையில நிக்கும்போது பாப்பேன் மிஸ். ஆம்பளைய எல்லாம் குளிச்சிட்டு வருதாவ, கூட வந்த பொம்பளைய சும்மா நிக்காவ. நீங்க குளிக்கலையான்னு கேட்டேன். எல்லாரும் ஒண்ணுதான் சொன்னாவ, எங்கன வச்சு மாத்துறதுன்னு.” பிறகு கொஞ்சம் தயங்கி, “நீங்க போங்க மிஸ். துணிமணிய நான் பாத்துக்கிடுதேன்” என்றாள்.

போனேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு என் மண்டையில் அருவி விழுந்தது. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று வாய்விட்டுக் கத்தினேன். நாத்தனார், “மதினிக்கு என்னாச்சு?” என்று பயந்துபோனாள். வெளியே வந்து, நாத்தனாரின் மாற்றுச் சேலையை வாங்கிக்கொண்டு அந்தக் கூடாரத்துக்குள் நின்று ஈரத்தை மாற்றியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கழுத்துக்கு மேலே ஊர் பார்க்கிற முகம், கழுத்துக்குக் கீழே யாரும் எட்டிப்பார்க்க முடியாத ஒரு அறை. அதை எனக்குச் செய்துகொடுத்தது நான் சிவப்பு வட்டம் போட்ட பெண்.

அதற்கு நான் செய்த கைம்மாறு என்ன தெரியுமா? திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறையில் அவள் பெருமையை ஊதித் தள்ளினேன். எங்கள் ஊரில் ஒரு நல்ல செய்தியை ஒருவரிடம் சொன்னால் போதாது, அறையில் இருக்கிற பத்துப் பேருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். வாசல் வழியாகப் போன பள்ளி முதல்வரின் காதிலும் அது விழுந்தது. உள்ளே வந்தார்.

“அப்போ சனிக்கிழமை கிளாசுக்கு வராம அங்கனதான் நிக்காளா?”

நான் கொண்டுவந்தது பாராட்டு. அவர் எடுத்துக்கொண்டது சாட்சியம். அன்றைக்கு மதியமே அவளைக் கூப்பிட்டு, படிக்கிற பிள்ளைக்குச் சாலையோரத்தில் என்ன வேலை, பள்ளிக்கூடத்தின் மானம் என்னாவது என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வந்தாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

செய்த தப்பைச் சரிக்கட்டலாம் என்று விழாவில் அவளுக்கு ஒரு மேசை வாங்கிக் கொடுத்தேன். ஆகஸ்டில் விழா. மேசையில் கூடாரத்தை மடித்து வைத்து, வேட்டித் துண்டு, துருக்கறை பிடித்த விளிம்பு, உப்பிய புளியங்கொட்டை, கூழாங்கல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியிருந்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தோற்ற துணிகளையும் காட்ட வேண்டும் என்பது அவளாகவே எடுத்த முடிவு. இந்தப் பள்ளியில் தன் தப்பை மேசைமேல் எடுத்துவைத்த ஒரு பிள்ளையை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

விருந்தினர் வருவதற்கு முன் முதல்வர் ஒரு சுற்று வந்தார். கூடாரத்தைத் தூக்கிப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. என்னைத் தனியே அழைத்தார்.

“பொம்பளப் பிள்ளைய துணி மாத்துததயெல்லாம் மேடையில வச்சுப் பேசலாமா மேடம்? பேரண்ட்ஸ் வாராங்க. அசிங்கமா இருக்காது?”

அசிங்கமாம்! பெண்கள் ஈரத்தோடு நடுங்கி நிற்பது அசிங்கம் இல்லை, வழிப்போக்கர் கண்ணுக்கு முன் சேலையைச் சுற்றிச் சுற்றிப் போராடுவது அசிங்கம் இல்லை. அதற்கு ஒரு பதினாறு வயதுப் பெண் வழி கண்டுபிடித்தது அசிங்கம். இதை அப்போதே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, “சரி சார்.” பத்து நிமிடத்தில் மேசை காலியானது. அவளைப் பட்டுப்பாவாடை கட்டச் சொல்லி, நுழைவாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தினார்கள். மேசையில்லாத பெண் பிள்ளைகளுக்கு எங்கள் பள்ளி கண்டுபிடித்து வைத்திருக்கும் தொழில் அது.

முதல் பரிசு ஒரு பையனுக்குக் கிடைத்தது. எலுமிச்சை விவசாயிகளைச் சந்தையோடு இணைக்கும் செயலி என்று தெர்மாகோலில் ஒரு செல்போன் செய்து, அதில் படம் ஒட்டியிருந்தான். ஆங்கிலத்தில் மளமளவென்று ஒப்பித்தான். விருந்தினர் கைதட்டினார். பரிசளிப்பு முடிந்ததும் இவள் பன்னீர்ச் செம்போடு அவன் மேசைக்குப் போய், “காயப் பறிச்சா எத்தன நாளு தாங்கும்?” என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அவள் அப்பா தினமும் தூக்குகிற மூட்டை அது. அவன் திருதிருவென்று விழித்தான். பையனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு அதை மனப்பாடம் செய்யச் சொன்ன நாங்கள் எலுமிச்சையைச் சாதத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. வணிகவியல் வினாத்தாள் நான் எடுத்தது. ஐந்து மதிப்பெண் பகுதியில் ஒரு வினா: ‘தொழில் முனைவோரின் பண்புகள் யாவை?’ விடைக்குறிப்பில் புதுமை புகுத்துதல், இடர் ஏற்றல், தொலைநோக்கு, தலைமைப் பண்பு என்று வரிசையாகத் துணைத் தலைப்புகள் உண்டு. மற்றப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதே வரிசையில், அதே வார்த்தைகளில், அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்கள். முப்பத்தெட்டுத் தாள்களையும் கண்ணை மூடிக்கொண்டு திருத்தலாம். அவளுடைய தாளில் மூன்று வரிகள்தான் இருந்தன.

‘யார் சும்மா நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஏன் நிற்கிறீர்கள் என்று அவர்களிடமே கேட்க வேண்டும். நாம் செய்தது சரியில்லை என்றால் வெட்கப்படாமல் பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும்.’

அதை எத்தனை முறை படித்தேன் என்று நினைவில்லை. பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து ஐந்துக்கு ஒன்று போட்டேன். ஓரத்தில் ‘பாடப்புத்தகத்தில் உள்ளபடி எழுதவும்’ என்று குறிப்பும் எழுதினேன். என் கைதான் எழுதியது. என்னைக் கேட்டால் சட்டம் பேசுவேன்: பொதுத் தேர்வில் திருத்துகிறவர்கள் விடைக்குறிப்பைத்தான் பார்ப்பார்கள், இப்போதே பழக்க வேண்டும், பிள்ளையின் நன்மைக்குத்தான். எல்லாம் உண்மைதான். இத்தனை உண்மைகளையும் கூட்டினால் ஒரு பெரிய பொய் வருகிறது. ஒரு பாடத்தை வாழ்ந்து காட்டியவளுக்கு அந்தப் பாடத்தில் தேறவில்லை என்று முத்திரை குத்துகிறோம். அதற்குக் கல்வி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதனால்தான். ஒரு பிள்ளை எதையாவது உற்றுப் பார்த்தால், ‘ஜன்னலுக்கு வெளியே என்ன வேடிக்கை?’ என்கிறோம். கேள்வி கேட்டால், ‘அதிகப்பிரசங்கி’ என்கிறோம். பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு கணக்கைப் போட்டால் ‘காப்பி’ என்கிறோம். ஒரு தப்புச் செய்தால் சிவப்பு மை. பார்ப்பது, கேட்பது, சேர்ந்து செய்வது, தப்பிலிருந்து திருத்திக்கொள்வது ஆகிய நான்கையும் பன்னிரண்டு வருடம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துவிட்டு, வருடத்தில் ஒருநாள் பந்தல் போட்டு, ‘முனையுங்கள் பிள்ளைகளே!’ என்று மைக்கில் கத்துகிறோம். எதை வைத்து முனைவார்கள்? முனையெல்லாம் நாம்தான் மழுக்கிவிட்டோமே. இவர்கள் நாளைக்குக் கடை வைக்காவிட்டால் போகிறது. பக்கத்தில் ஒரு மனிதர் ஏன் நிற்கிறார் என்றுகூடப் பார்க்கத் தெரியாமல் வளர்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படிப்பு வந்தது. பன்னிரண்டு வருடம் கரையில் நின்றேன்.

ஆண்டுத் தேர்வில் அவள் ஆங்கிலத்திலும் கணக்குப்பதிவியலிலும் தேறவில்லை. கணக்குப்பதிவியலில் பாதிக் கணக்குகளைச் சனிக்கிழமைத் தனி வகுப்பில்தான் போட்டுப் பழக்கினேன். தேறாதது அவ்வளவு பெரிய விஷயம் அல்ல. இன்னும் ஒரு வருடம் இருந்தது, முட்டி மோதிப் பன்னிரண்டில் கரையேறக்கூடிய பெண்தான். அவளும் அதைத்தான் விரும்பினாள். “பன்னெண்டு முடிச்சிட்டு ஃபேஷன் டிசைனிங் படிக்கணும் மிஸ்” என்று ஒருநாள் நோட்டுக் கட்டோடு என் பின்னால் நடந்து வந்தபோது சொல்லியிருந்தாள். பள்ளிக்கோ அவளை ஒரு வருடம் வைத்துக்கொள்ளத் தைரியம் இல்லை. அவள் ஒருத்தி தவறினால் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று விளம்பரம் போட முடியாது. மே மாதத்தில் முதல்வர் ஒரு பட்டியலோடு கூட்டம் போட்டார். ஏழு பெயர்கள், ஏழு பேருக்கும் டி.சி. கொடுத்துவிட வேண்டும். அவள் பெயர் மூன்றாவது.

எந்தப் பள்ளியும் ‘உன் பிள்ளை எங்களுக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுக்காது. பெற்றோரே கேட்டு வாங்கியதாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு கடிதம் உண்டு. ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனை / மகளை வேறு பள்ளியில் சேர்க்க இருப்பதால் மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ அலுவலகத்தில் இதன் மாதிரிப் பிரதி எப்போதும் இருக்கும். பெற்றோர் அதைப் பார்த்துத் தம் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மாதிரிக் கடிதத்தை எழுதியது நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று என்னிடம் எழுதி வாங்கினார்கள். எத்தனையோ அப்பாக்களும் அம்மாக்களும் என் வரிகளைப் பார்த்து எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவள் அம்மா மகளோடு வந்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாதிரிக் கடிதத்தையும் வெள்ளைத் தாளையும் நான் முன்னால் வைத்தேன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“டீச்சர், குடும்பச் சூழ்நிலைன்னு எழுதச் சொல்லுதீயளே, எங்க குடும்பத்துல என்ன சூழ்நிலை?”

“அது ஒரு வழக்கம்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க.”

“அவுக அப்பா நல்லாத்தான் இருக்காவ. நானும் நல்லாத்தான் இருக்கேன். கடை ஓடுது. பிள்ள படிக்கேங்கா. நீங்கதான வேண்டாங்கிய?”

“பன்னிரண்டுல ஃபெயிலாயிருவாளோன்னு சார் பயப்படுறாங்க.”

“ஆனா ஆகட்டும், மறுபடி எழுதுவா. அவளுக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல. பரீச்ச எழுதவே விடமாட்டேன்னா அது என்ன நியாயம் டீச்சர்?”

அம்மா பேனாவை எடுத்தாள். மாதிரிக் கடிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கோணல்மாணலான எழுத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள். ‘என் மகள் பெயிலாகி விடுவாள், பள்ளிக்குக் கெட்ட பெயர் வரும் என்று இங்கே சொல்வதால் டி.சி. வாங்கிக்கொள்கிறேன்.’ அடியில் கையெழுத்துப் போட்டாள்.

அதை முதல்வரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டு இரண்டாக மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். “இத ஃபைல்ல வைக்க முடியுமா மேடம்? திரும்ப எழுதச் சொல்லுங்க.” திரும்ப எழுத அவள் சம்மதிக்க மாட்டாள் என்றேன். முதல்வர் இழுப்பறையைச் சாத்தினார். “அப்போ கிளாஸ் டீச்சர் அறிக்கைன்னு ஒரு படிவம் இருக்குல்ல, அத நீங்க எழுதிருங்க. பெற்றோர் வாய்மொழியாக் கேட்டாங்கன்னு போட்டுருங்க. உங்க கையெழுத்துப் போதும்.” பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்: “உங்க பையன் இந்த வருஷம் டென்த்துல்ல?”

படிவம் என் முன்னால் இருந்தது. காரணம் என்ற இடத்தில், ‘பெற்றோர் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டபடி, குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று எழுதினேன். எழுத்து முத்து முத்தாகத்தான் வந்தது. கையெழுத்துப் போட்டேன். அரை மணி நேரத்தில் டி.சி. தயாராகிவிட்டது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா அதை மகளிடம் நீட்டினாள். அவள் நின்ற இடத்திலேயே படித்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல நேத்தே கேட்டுட்டோம், சேத்துக்கிடுதோம்னாவ” என்றாள் அம்மா. அதோடு போயிருக்கலாம். போகாமல் திரும்பி நின்று கேட்டாள்.

“நான் எழுதுன கடுதாசிக்கா டீச்சர் இத குடுத்தாவ?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “இல்லம்மா. குடும்பச் சூழ்நிலைன்னு நான் எழுதிக் கொடுத்தேன்” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “யாரு குடும்பத்துல டீச்சர்?” என்றாள்.

மேல்மாடியில் பத்தாம் வகுப்புக்கு விடுமுறைத் தனி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் பிள்ளை என்பதால் இந்தப் பள்ளியில் இடம் கிடைத்த என் மகன் அங்கே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.